எண்பத்தைந்துக்குக் கீழே

‘படிப்பு ஏறல.’ பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கரிசல் முழுக்க எந்தச் சேரியில் நுழைந்து கேட்டாலும், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைக்குச் சொல்லப்படும் காரணம் இந்த இரண்டே வார்த்தை. வாத்தியார் சொன்னார். அப்பனும் ஆத்தாளும் நம்பினார்கள். பிள்ளையும் நம்பிவிட்டது. மூன்று தலைமுறையாக நம் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கிடைத்துவரும் ஒரே மருத்துவச் சான்றிதழ் இதுதான்.

ஏறல என்றால் எது ஏறல, எதனால ஏறல? காதில் சீழ் வடிந்து பாதிச் சத்தம் கேட்காத பிள்ளைக்கும் ஏறல. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கும் ஏறல. ரத்தசோகையில் பதினோரு மணிக்கே சுருண்டு விழுகிற பிள்ளைக்கும் ஏறல. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பத்து விநாடி கண் நிலைகுத்தி நின்று, ஒன்றும் நடக்காததுபோல் திரும்புகிற பிள்ளை ஒன்று உண்டு. ‘பராக்கா பாக்க?’ என்று முதுகில் ஒன்று விழும். அது ஒருவகை வலிப்பு, பெரும்பாலும் மாத்திரையில் அடங்கக்கூடியது என்று அந்த வாத்தியாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்து, ஐந்து வயதில் முதன்முதலாகப் பாடப்புத்தகத் தமிழின் முன்னால் உட்காருகிற அருந்ததியர் பிள்ளைக்கும் ஏறல. வாயால் கேட்டால் பதில் பளிச்சென்று வரும், எழுதச் சொன்னால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் குழம்பும் பிள்ளைக்கும் ஏறல. இத்தனை பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே ‘மக்கு’ என்று எழுதினார்கள். அந்தச் சாக்கு எங்கே போய் இறங்கும் என்பது ஊருக்கே தெரியும். தீப்பெட்டி ஆபீசில்.

தீப்பெட்டி ஆபீஸ் கதையை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் ஊருக்குள் வந்து நின்ற கம்பெனி வண்டி, தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகள், குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி, குரோசுக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலி. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. இயந்திரங்கள் வந்தன. பிள்ளை ஏற்றும் வண்டிகள் குறைந்தன. நல்லது. ஆனால் வண்டியிலிருந்து இறக்கிப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்த பிள்ளைக்கு அங்கே என்ன காத்திருந்தது? ஒரு குரோசுக்கு 144, நாலு குரோசுக்கு எவ்வளவு என்று கேட்டால் வாய் மூடுமுன் பதில் சொன்ன பிள்ளை, அதே 144ஐயும் நாலையும் பலகையில் பெருக்கல் குறி போட்டு எழுதியதும் முழித்தது. அதற்குப் பெயரும் மக்குதான்.

பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் சோளமும் விற்ற பிள்ளைகளிடம் மூன்று ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்து 1985இல் எழுதினார்கள். தெருவில் வாடிக்கையாளராக நின்று கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது முப்பத்தேழு. பிள்ளையின் மூளை அதே மூளை. மாறியது தாள்.

குழந்தை நரம்பு உளவியல் என்று ஒரு துறை இருக்கிறது. பேர் பெருசு. விஷயம் நமக்குப் புரியாதது இல்லை. இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட சோவியத் சிப்பாய்களிடம் வேலை செய்த அலெக்சாந்தர் லூரியா கண்டது இது: படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது என்று நாம் ஒற்றையாகச் சொல்கிற எதுவும் மூளையில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பல பகுதிகள் கைகோத்துச் செய்கிற வேலை அது. எந்தக் கை நழுவியது என்று கண்டுபிடித்தால், வேறொரு கையால் அந்த வேலையைச் செய்யப் பழக்கலாம். பிள்ளை மூளைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது கட்டி முடித்த வீடில்லை, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற வீடு. இரண்டு வயதில் பட்ட அடி ஏழாம் வகுப்பில்தான் வெளியே தெரியலாம். சின்ன வயதில் பிடித்துவிட்டால் பெரும்பகுதியைச் சரிக்கட்டவும் வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே இந்தப் பயிற்சி பெற்ற பள்ளி உளவியலர் ஒருவர் செய்கிற முதல் வேலை, சாக்கை அவிழ்ப்பது. கவனம் தனியாக, கேட்டதை மனசில் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்து வேலை செய்கிற நினைவு தனியாக, மொழி தனியாக, கண்ணால் கண்டதைக் கையால் வரைவது தனியாக, திட்டம் போட்டு ஒரு வேலையை முடிப்பது தனியாக என்று பிரித்துப் பார்ப்பது. அதற்கு முன்னால் காதைப் பார், கண்ணைப் பார், ரத்தத்தைப் பார் என்று அனுப்புவது. பிறகு வாத்தியாரிடம் வந்து, ‘இந்தப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் நாலு விஷயம் சொல்லாதீங்க, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, எழுதச் சொல்றதுக்குப் பதிலா வாயால கேளுங்க’ என்று வகுப்பறையில் செய்யக்கூடியதைச் சொல்வது. இந்த மூன்றாவது வேலை நடக்காவிட்டால் முதல் இரண்டும் வெறும் காகிதம்.

அமெரிக்காவில் 1975இல் வந்த 94-142 எண்ணுள்ள சட்டத்துக்குப் பிறகு பள்ளி உளவியலர் என்பது ஊரறிந்த வேலை. மூளையைப் பற்றிய பயிற்சியை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது, பணியில் இருந்துகொண்டே படிக்கிற வகுப்பு போதுமா, முழுநேரப் பட்டமும் மேற்பார்வையும் வேண்டாமா என்று அங்கே வாதம் நடக்கிறது. இங்கே அந்த வாதத்துக்கு ஆளே இல்லை. பள்ளி உளவியலர் என்றொரு நிரந்தரப் பணியிடம் நம் ஒன்றியப் பள்ளிகளில் கிடையாது.

சட்டத்தில் மட்டும் எல்லாம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சலித்துப் பார்த்து, சந்தேகமானவர்களை மருத்துவரிடமும் உளவியலரிடமும் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஆசிரியர் கைபேசியில் ‘நலம் நாடி’ என்ற செயலி ஏறியிருக்கிறது. பொத்தானைத் தட்டினால் பேர் பதிவாகிவிடும். பதிவான பேர் எங்கே போகிறது? மருத்துவ உளவியலர் என்று கையெழுத்துப் போட, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். அந்தப் படிப்பின் பெரிய இடம் பெங்களூர் நிம்ஹான்ஸ். நம் மாநிலத்தில் 2005இல் வந்த மத்திய அரசு நிறுவனம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து முட்டுக்காட்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கட்டபொம்மன் கோட்டையைப் பார்க்க வருகிற பள்ளிச் சுற்றுலா வண்டிகூட அவ்வளவு தூரம் ஓடுவதில்லை.

2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. மாணவர் தற்கொலைகளை முன்னிட்டு வந்த வழக்கு அது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், அதற்குக் குறைவானவை வெளியில் உள்ள நிபுணர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் கரிசல்காட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் எத்தனை பிள்ளை? இருபது, முப்பது. கையில் நாலு காசு உள்ளவன் பிள்ளையை மஞ்சள் வண்டியில் ஏற்றிக் கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டான். மிச்சமிருப்பது நம் பிள்ளைகள். நூறு என்று கோடு போட்டால் யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சேரியில் கேட்டால் சொல்வார்கள். வெளியில் உள்ள நிபுணரோடு தொடர்பு என்கிறார்கள். எந்த வெளியில்?

கோடுகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. நமக்கு உண்மையில் பெரிய ஆபத்தாகத் தெரிகிற கோடு நூறு இல்லை. எண்பத்தைந்து.

2018 நெறிமுறையில் ஒரு படி இருந்தது. கற்றல் குறைபாடு என்று சான்று தர வேண்டுமானால், முதலில் பிள்ளைக்கு ஐ.க்யூ. சோதனை. அதில் எண்பத்தைந்துக்கு மேல் வந்தால்தான் அடுத்த சோதனை. எழுபதுக்குக் கீழே போனால் அறிவுசார் குறைபாடு என்ற வேறு சான்று. எழுபதுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையில் விழுந்த பிள்ளைக்கு? ஒன்றுமில்லை. ‘மெதுவாகக் கற்பவர்’ என்று ஒரு மரியாதையான பேர் உண்டு. அந்தப் பேருக்குச் சான்றும் கிடையாது, தேர்வில் கூடுதல் நேரமும் கிடையாது, சொல்வதை எழுத ஆளும் கிடையாது, மொழிப்பாட விலக்கும் கிடையாது. அளவுகோலின் சொந்தக் கணக்குப்படியே நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பேர் இந்தக் குழிக்குள் விழுவார்கள். அது எல்லாவகைப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. சேரிப் பிள்ளைகளை மட்டும் சோதித்தால் எத்தனை பேர் அந்தக் குழியில் கிடப்பார்கள்? 2024 மார்ச்சில் நெறிமுறைகளைத் திருத்தி வெளியிட்டார்கள். கோட்டை எங்கே நகர்த்தினாலும் நம் கேள்வி ஒன்றுதான். அளவுகோல் யாரை வைத்துச் செய்தது?

பழைய நெறிமுறை பேர் சொன்ன சோதனைகளில் ஒன்று மாலின் சோதனை. அமெரிக்க வெக்ஸ்லர் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கென்று மாற்றி 1969இல் நாகபுரியில் செய்தது. நம் ஊர் மையங்களில் பழகிப்போன இன்னொன்று பினே-காமத். 1930களில் மராத்தி, கன்னடம் பேசிய பிள்ளைகளை வைத்துச் செய்தது. வாசிப்புக் குறைபாட்டை இந்திய மொழிகளிலேயே கண்டறிய தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட ‘டாலி’ என்ற கருவியும் முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்றுதான் வந்தது. வீட்டில் தெலுங்கும், தெருவில் கரிசல் தமிழும், புத்தகத்தில் இன்னொரு தமிழுமாக மூன்று மொழிக்குள் வாழ்கிற கயத்தாறுப் பக்கத்துப் பிள்ளையை இவற்றில் எந்தக் கோலால் அளப்பது? கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கு என்கிறார்கள். தப்பாகச் செய்தால் அடி விழும் என்று பழகிய பிள்ளை, தொடுமுன் நாலு தரம் யோசிக்கும். அந்த நாலு யோசனைக்கு நாலு மார்க் போயிற்று. மதிப்பெண் எண்பத்திரண்டு. குழிக்குள் போ.

சென்னையில் இதே எழுத்துக் குழப்பம் உள்ள ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்திலிருந்தே அங்கே டிஸ்லெக்சியாவுக்குச் சங்கம் உண்டு, சிறப்பு ஆசிரியர் உண்டு, சான்று உண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததை நாம் பறிக்கச் சொல்லவில்லை. ஒரே மூளைக் கோளாறு. அங்கே டிஸ்லெக்சியா, இங்கே மக்கு. நோய்க்கும் சாதி பார்த்துப் பேர் வைக்கிற நாடு இது.

இந்தச் சண்டையை நமக்கு முன்னால் போட்டவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஸ்பானியம் பேசுகிற மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்த புத்தி வகுப்பில் தள்ளினார்கள். டயானா வழக்கு என்று 1970இல் அது நீதிமன்றம் போனது. ஸ்பானியத்தில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலான பிள்ளைகள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அடுத்தது லாரி பி. வழக்கு. மாநிலத்து மாணவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பினப் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் மட்டும் கால் பங்குக்கு மேல் இருந்தார்கள். கறுப்பின உளவியலர்களே வந்து அந்தப் பிள்ளைகளை மறுபடி சோதித்துச் சாட்சி சொன்னார்கள். 1979இல் நீதிபதி பெக்கம், ஐ.க்யூ. சோதனையை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தார். இங்கிலாந்தில் கிரெனடாவிலிருந்து போன ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே எப்படி மந்தமாக்குகிறது என்று 1971இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டு, அதைக் கறுப்பினப் பெற்றோர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின உளவியலர் இன்னும் ஒரு படி மேலே போனார். கறுப்பினத் தெருவில் புழங்கும் சொற்களை மட்டும் வைத்து 1972இல் ஒரு சோதனை செய்தார். வெள்ளையர் அதில் குறைவாகத்தான் வாங்கினார்கள்.

நாமும் அப்படி ஒன்று செய்யலாம். பருத்தி எப்போ வெடிக்கும், கம்பு எப்போ கதிர் வாங்கும், கரிசல்ல மழை பேஞ்ச மறுநாள் எந்தத் தடத்துல நடந்தா கால் புதையாது என்று கேட்டு, பதில் தெரியாத நிபுணருக்கெல்லாம் எழுபத்தாறு போடலாம். வேடிக்கை இருக்கட்டும். அந்தப் போராட்டங்களில் நாம் கவனிக்க வேண்டியது, சோதனையை எதிர்த்தவர்களின் முன்வரிசையில் சோதனை செய்யப் படித்தவர்கள் இருந்தார்கள் என்பது. 1968இலேயே கறுப்பின உளவியலர்கள் தனிச்சங்கம் கட்டிக்கொண்டார்கள். படிக்காமல் வெளியே நின்று கத்தியிருந்தால் அந்த நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்க முடியாது.

இங்கே நம் தோழர்கள் சிலரின் குரல் கேட்கிறது. ‘நிலமில்லை, கூலியில்லை, சுடுகாட்டுக்குப் பாதையில்லை. இதுல மூளை எங்க வந்துச்சு? மூளை, பிறவி என்று பேச ஆரம்பித்தவன் எல்லாம் கடைசியில தகுதி, திறமைன்னுதானே முடிச்சான்?’ நியாயமான பயம். 1994இல் அமெரிக்காவில் ஹெர்ன்ஸ்டைனும் மரேயும் மணிவளைவு என்று பேர் வைத்து ஒரு தடிமனான புத்தகம் போட்டு, கறுப்பினத்தவரின் ஏழ்மைக்கு ஐ.க்யூ.வைக் காரணம் காட்டினார்கள். மண்டலுக்கு எதிராகத் தெருவில் செருப்புத் துடைத்துக் காட்டிய கூட்டத்துக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை, மனு போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த வாதத்தை உடைத்ததும் கணக்குத்தான். ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் எடுத்துக்காட்டியபடி, ஒரே நாட்டில் ஒரே சோதனையில் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது. ஐம்பது வருஷத்தில் ரத்தம் மாறாது. சோறும் பள்ளிக்கூடமும் மாறும்.

நாங்கள் சொல்ல வருவது இதற்கும் ஒரு படி தள்ளி. சாதி என்பது நிலத்திலும் கூலியிலும் சட்டப்புத்தகத்திலும் மட்டும் வேலை செய்யவில்லை. அது பிள்ளையின் நரம்புக்குள் இறங்கி வேலை செய்கிறது. அதை அங்கே போய்ப் பிடிக்க ஆள் வேண்டும்.

உத்தரப்பிரதேசத்துக் கிராமப் பள்ளி மாணவர்களை வைத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2000களின் நடுவில் வெளியிட்டார்கள். புதிர்ப்பாதைப் படத்தில் வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைப் பற்றிப் பேச்செடுக்காதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே செய்தார்கள். எல்லார் முன்னாலும் பேரோடு சாதியையும் வாசித்துவிட்டுச் செய்யச் சொன்னபோது, நம் பையன்களின் எண்ணிக்கை சரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருந்த மூளை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அவமானத்தைச் சமாளிக்கிற வேலைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது புதிருக்கு. உதவித்தொகைப் பாரம் கொடுக்க வகுப்பில் ‘எஸ்.சி. எல்லாம் எந்திரி’ என்று சொல்லப்பட்டு எழுந்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சோறு பற்றியும் சொல்ல வேண்டும். காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய ஊர் எட்டயபுரம். பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை எந்த உளவியல் பட்டமும் இல்லாமல் அறிந்திருந்த மனிதர். அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், 2023 செப்டம்பரில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் சாதி இந்துப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாடம் கற்றது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேருக்கு ரத்தசோகை என்கிறது. இரும்புச் சத்து குறைந்தால் கவனம் நிற்காது, நினைவு நிற்காது. இன்னொன்றும் உண்டு, இது அதிகம் பேசப்படுவதில்லை: இரும்புச் சத்துக் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஈயம் பிள்ளை மூளைக்கு நேரடி விஷம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆண்டிமணி, லித்தியம் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2017 ஜூலையில்தான். அதுவரைக்கும் மருந்து ஒட்டிய சேலையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிய தாய்மாரின் கணக்கை யார் எடுத்தது?

கொடியன்குளத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 31, பட்டப்பகல். அறுநூறு போலீஸ் ஊருக்குள் இறங்கியது. வீடு உடைந்தது, தண்ணீர்க் கிணறு கெட்டது, படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் நாசமாயின. விசாரணைக் கமிஷன் வந்தது, நிவாரணப் பணம் பேசப்பட்டது. ஓடு இத்தனை, டி.வி. இத்தனை என்று சேதத்துக்கு விலை போட முடிந்தது. பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளை மறுவாரம் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாமல் நின்றதற்கு எந்தப் பட்டியலில் விலை? பயந்த மூளை காவல் காக்கும். காவல் காக்கிற மூளையில் வாய்ப்பாடு ஏறாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தைக் கேட்டது. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற நேரம் இதுதான். ‘எல்லாரும் ஒற்றுமையா இருக்கணும் தம்பி’ என்று புத்தி சொல்லத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டால் அதற்கு ஆள் நிறையக் கிடைப்பார்கள்.

எங்கள் கோரிக்கை எளிமையானது இல்லை, ஆனால் செய்யக்கூடியது. உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி படித்துவிட்டுக் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் ஜவுளிக்கடைக் கல்லாவில் நிற்கிற நம் பெண்களும் பையன்களும் இருக்கிறார்கள். வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக வீடு வீடாக அலைகிற சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் பேரும் ஊரும் ஆத்தாளின் கஷ்டமும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவர்களுக்கு இரண்டு வருஷம் முழுநேரமாகப் பயிற்சி கொடுக்கட்டும். உதவித்தொகையோடு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மூன்று நாள் பயிலரங்கம், மதியச் சாப்பாடு, குழுப் புகைப்படம் என்கிற சமாச்சாரம் வேண்டாம். மருத்துவமனையில் வலிப்பு வந்த பிள்ளையையும், வெடிவிபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளையையும், ஒன்றியப் பள்ளியில் எழுத்துக் கூட்டாத பிள்ளையையும் மேற்பார்வையோடு பார்த்துப் பழக வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் கரிசல் பிள்ளைகளையே வைத்து அளவுகோலைப் புதிதாகச் செய்கிற வேலையும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடமாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் 1975இலேயே, பிள்ளையின் தாய்மொழியில் சோதி, ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டாதே என்று எழுதிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து நாம் அதைக் கேட்பது அதிகமா?

பாடத்திட்டத்தில் சாதி இருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். ‘சமூகப் பின்னணி’ என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். வகுப்பறையில் யார் எங்கே உட்காருகிறார்கள், யாரை அடித்தால் கேட்க ஆளில்லை, யாரிடம் கக்கூஸ் கழுவச் சொல்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாதவர் எத்தனை சோதனைப் பெட்டி வைத்திருந்தாலும் எங்கள் பிள்ளையின் மூளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்தப் படிப்புக்கு ஆளெடுக்கும்போது அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த உள்ஒதுக்கீட்டைக் காகிதத்தில் விட்டுவிடாமல் இடமாக நிரப்ப வேண்டும். தெலுங்கு பேசத் தெரிந்த உளவியலர் வேறெங்கிருந்து வருவார்?

பல்கலைக்கழகம் அசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள், ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிக் கேட்கிறது, எது கண்ணைச் சுருக்குகிறது, எது நடுவில் நடுவில் நிலைகுத்துகிறது, எது வாயால் சொல்லி எழுத முடியாமல் தவிக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். மக்கு என்ற வார்த்தை அந்த நோட்டில் வரக் கூடாது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால சுவாஸ்தியத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வண்டியில் வர வேண்டும். வருகிற அன்றைக்கு நோட்டோடு போய் நில்லுங்கள். ‘நலம் நாடி’யில் நம் ஊர்ப் பிள்ளைகள் யார் யாருக்கு என்ன பதிவாகியிருக்கிறது, பதிவான பிறகு என்ன நடந்தது என்று தலைமையாசிரியரைப் பெற்றோரோடு போய்க் கேளுங்கள். ஐ.க்யூ. சோதனை செய்திருந்தால் எந்தச் சோதனை, எந்த மொழியில், யார் செய்தது, எவ்வளவு நேரம், பிள்ளை அன்று சாப்பிட்டிருந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். எண்பத்தைந்துக்குக் கீழே போட்டிருந்தால் மறுசோதனை கேட்டு மனுக் கொடுங்கள். மனுவின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளையின் பேரை அடித்துவிட்டு, ஊரையும் மொழியையும் மதிப்பெண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பினால் போதும். நூறு மனு சேர்ந்தால் வழக்குப் போட வக்கீல் தோழர்கள் இருக்கிறார்கள்.